‘பி=நன்’ போட்டுவிட்டு அப்படியே விட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சொந்த டொமைனில் மின்னஞ்சல் நடத்தும் நிறுவனங்கள், கல்விக்கூடங்கள், சங்கங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களும், அந்த டொமைனின் டிஎன்எஸ் (டொமைன்களின் பொதுப் பதிவேடு) லாகினைக் கையில் வைத்திருப்பவர்களும்.

வணக்கம்.

உங்கள் பெயரில் வரும் பொய் அஞ்சலை என்ன செய்வது என்று பெறும் சர்வர்களுக்குச் சொல்வது டிமார்க் பதிவு. உங்கள் டொமைனின் டிமார்க் பதிவைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. டிஎன்எஸ்ஸில் கேட்டால் யாருக்கும் பதில் வரும். கேட்டுப் பார்த்தால் பல டொமைன்களில் வருவது ஒரே ஒரு வரிதான்: ‘வி=டிமார்க்1; பி=நன்’. அறிக்கை அனுப்பச் சொல்லி ஒரு முகவரிகூட அதில் இருப்பதில்லை. (இந்த மடலில் பதிவுகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். டிஎன்எஸ்ஸில் அவை ஆங்கில எழுத்தில்தான் போக வேண்டும்.)

அந்த வரி எப்போது வந்தது என்பதும் தெரிந்ததுதான். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 அஞ்சலுக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப் (எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (அஞ்சலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் மூன்றும் இருக்க வேண்டும் என்றார்கள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக்.காம் முகவரிகளுக்கு அதே 5000 கணக்கை வைத்தது. விதி கேட்டது குறைந்தபட்சம் ‘பி=நன்’. அந்தக் குறைந்தபட்சத்தைப் போட்டீர்கள், அஞ்சல் போனது, வேலை முடிந்ததென்று ஃபைலை மூடிவிட்டீர்கள்.

வேலை முடியவில்லை. ‘பி=நன்’ என்பது பெறும் சர்வர்களுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு: ‘என் பெயரில் பொய் அஞ்சல் வந்தாலும், டிமார்க் சோதனையில் அது தோற்றாலும், அதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.’ சோதனை நடக்கும் காலத்துக்கு மட்டும் அந்தச் சீட்டு பொருந்தும். அறிக்கை முகவரியும் இல்லையென்றால் சோதனையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. உங்கள் கணக்குப் பிரிவின் முகவரியிலிருந்து வந்ததுபோல ஒரு அஞ்சல் உங்கள் வாடிக்கையாளருக்குப் போகும். ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பவும்’ என்று அதில் இருக்கும். பணம் போன பிறகுதான் உங்களுக்குத் தொலைபேசி வரும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தேதி குறித்து ‘பி=ரிஜெக்ட்’டுக்கு, அதாவது ‘சோதனையில் தோற்றதை ஏற்காதீர்கள்’ என்ற நிலைக்கு, வந்து சேருங்கள். இது நடக்காத காரியமில்லை. 2017 அக்டோபரில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் நாட்டு மத்திய அரசு அமைப்புகளுக்கு இதே உத்தரவைப் போட்டது. 90 நாளில் ‘பி=நன்’, ஓராண்டுக்குள் ‘பி=ரிஜெக்ட்’ என்பது அதில் கொடுத்த கெடு. பெரும்பாலான நிறுவனங்களுக்கு ஓராண்டுகூடத் தேவையில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் போட்டால் உங்கள் சொந்த அஞ்சலே திரும்பி வரும். அந்தப் பயத்தில்தான் பலர் ‘நன்’னிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதால் வழியை விளக்கமாகவே எழுதுகிறோம்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதில் தொடங்குவோம். மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி வகுக்கப்பட்டது 1982இல். அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கும். உறைமேல் எழுதும் முகவரி ஒன்று. சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்லிக்கொள்வது அதுதான், போய்ச் சேராத அஞ்சலுக்கான பவுன்ஸ் திரும்பிப் போவதும் அங்கேதான். கடிதத்துக்குள் இருக்கும் ‘ஃப்ரம்’ வரி இன்னொன்று. படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது அது மட்டுமே. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை. அதனால் மோசடிக்காரர் உறைமேல் தன் சொந்த டொமைனை எழுதி, அதற்கு ஒழுங்கான எஸ்பிஎஃப் பதிவும் வைத்து, உள்ளே ‘ஃப்ரம்’ வரியில் உங்கள் பெயரை எழுதினால் எஸ்பிஎஃப் ‘பாஸ்’ என்றே சொல்லும். டிகிம்மும் அப்படித்தான். அது ஒரு டொமைனின் கையெழுத்தைச் சரிபார்க்கும், ஆனால் அந்த டொமைன் ‘ஃப்ரம்’ வரியில் இருப்பதுதானா என்று கேட்காது. இந்த இடைவெளியை அடைப்பதுதான் டிமார்க்கின் வேலை. ‘ஃப்ரம்’ வரியில் உள்ள டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறிய டொமைனும் ஒத்துப்போக வேண்டும். இரண்டில் ஒன்று தேறி, ஒத்தும் போனால் போதும். இதைத்தான் அலைன்மென்ட் என்கிறோம், பொருத்தம் என்றும் சொல்லலாம். ‘எங்களிடம் எஸ்பிஎஃப் இருக்கிறதே’ என்று சொல்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தப் பொருத்தத்தைத்தான்.

முதலில், உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்புகின்றன என்ற அறிக்கை வந்து சேரும் ‘ருவா’ முகவரியை டிமார்க் பதிவில் சேருங்கள்: ‘வி=டிமார்க்1; பி=நன்; ருவா=மெயில்டு:’ என்று எழுதி அதற்குப்பின் ஒரு பெட்டியின் முகவரி. ஒருவரின் சொந்த இன்பாக்ஸைக் கொடுக்க வேண்டாம். பெரிய அஞ்சல் சேவைகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் நாளுக்கு ஒன்றாகச் சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பு அனுப்பும். சில நாளிலேயே பெட்டி நிறைந்துவிடும். தனிப் பெட்டி வைத்து, கோப்புகளைப் பிரித்து அட்டவணையாக்கும் ஒரு கருவியை அதனுடன் இணையுங்கள். அறிக்கைகள் வேறொரு டொமைனுக்குப் போவதாக இருந்தால், அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸிலும் ‘இவர்களுடைய அறிக்கையை நான் ஏற்கிறேன்’ என்று ஒரு பதிவு இருக்க வேண்டும். அதன் பெயர் இந்த வரிசையில் அமையும்: உங்கள் டொமைன், புள்ளி, அண்டர்ஸ்கோர் ரிப்போர்ட், புள்ளி, அண்டர்ஸ்கோர் டிமார்க், புள்ளி, அவர்கள் டொமைன். இது இல்லாவிட்டால் விதியை மதிக்கும் சர்வர்கள் அங்கே அறிக்கை அனுப்பாது. மாதக்கணக்கில் பெட்டி காலியாகக் கிடக்கும், ‘பிரச்சினை எதுவுமில்லை’ என்று நீங்களும் நினைத்துக்கொள்வீர்கள்.

தோற்ற ஒவ்வொரு அஞ்சலையும் தனித்தனியே அனுப்பும் ‘ரஃப்’ அறிக்கையும் உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அஞ்சலின் உள்ளடக்கமே அதில் வெளியே போகக்கூடும் என்பதால் பெரிய சேவைகளில் பல அதை அனுப்புவதில்லை.

அறிக்கையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம், தவறு அதிகம் நடப்பது அங்கேதான். உதாரணம்.காம் என்று ஒரு டொமைன், அதன் அறிக்கையில் மூன்று வரிசைகள்.

முதல் வரிசை: அனுப்பிய ஐபி 203.0.113.45, எண்ணிக்கை 312. கீழே ‘ஆத் ரிசல்ட்ஸ்’ பகுதியில் எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ். மேலே ‘பாலிசி இவேல்யுவேட்டட்’ பகுதியில் இரண்டும் ஃபெயில். ஒரே வரிசையில் இப்படி இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். கீழே இருப்பது வெறும் சோதனை முடிவு, மேலே இருப்பது பொருத்தத்தையும் பார்த்தபின் வந்த தீர்ப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது மேலே உள்ளதை. கீழே எந்த டொமைனுக்குப் பாஸ் கிடைத்தது என்று பாருங்கள். நீங்கள் செய்திமடல் அனுப்ப வாங்கிய சேவையின் டொமைன் அங்கே இருக்கும். ஆகவே இது மோசடி இல்லை, உங்கள் செய்திமடல்தான். அந்தச் சேவை தன் கையெழுத்தில் அனுப்புகிறது, உங்கள் கையெழுத்தில் அனுப்பவில்லை. இப்படியே ரிஜெக்ட் போட்டால் 312 பேருக்கும் செய்திமடல் போய்ச் சேராது.

இரண்டாம் வரிசை: 198.51.100.77, எண்ணிக்கை 4. எஸ்பிஎஃப் ஃபெயில், ஆனால் டிகிம் பாஸ், அதுவும் உதாரணம்.காம் கையெழுத்தோடு. உங்கள் அஞ்சலைப் பெற்ற ஒருவர் அதைத் தன் வேறு முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு செய்து வைத்திருக்கிறார். ஃபார்வர்டு செய்யும் சர்வரின் ஐபி உங்கள் எஸ்பிஎஃப்பில் இருக்காது, அதனால் எஸ்பிஎஃப் உடையும். உள்ளடக்கம் மாறாததால் டிகிம் தாங்கிவிட்டது, தீர்ப்பு பாஸ். இந்த ஐபியை எஸ்பிஎஃப்பில் சேர்க்கவே கூடாது. அவசரத்தில் சேர்த்துவிடுபவர்கள் உண்டு.

மூன்றாம் வரிசை: 192.0.2.200, எண்ணிக்கை 1900. டிகிம் எதுவும் இல்லை, எஸ்பிஎஃப்பில் கேள்விப்படாத டொமைன், அதுவும் ஒரே நாளில். இதுதான் ஆள்மாறாட்டம். ரிஜெக்ட் போட்டால் நிற்கப்போவது இந்த 1900.

குறைந்தது ஐந்து வாரம் இப்படிப் பாருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் போகும் சம்பளச் சீட்டும் பில்லும் நாலு வாரத்தில் ஒரு தடவை நழுவிவிடலாம் என்பதால் அந்த ஐந்தாவது வாரம். காலாண்டுக்கும் ஆண்டுக்கும் ஒருமுறை போகும் அஞ்சல்கள் எத்தனை வாரம் பார்த்தாலும் சிக்காது. ஒவ்வொரு பிரிவுக்கும் போய், ‘உங்கள் எந்த மென்பொருள் நம் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்புகிறது?’ என்று கேட்டு எழுதிக்கொண்டால்தான் அவை தெரியும். வழக்கமாக மறந்துபோகும் ஆட்கள் இவர்கள்: ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் நகல் இயந்திரம், இரவில் ஓடும் பேக்கப்பின் எச்சரிக்கை, மனிதவளப் போர்ட்டல், புகார் டிக்கெட் மென்பொருள், எப்போதோ ஒரு விழாவுக்காக எடுத்த பதிவுப் படிவம்.

இணையதளத்தின் ‘தொடர்புகொள்ள’ படிவத்தையும் திறந்து பாருங்கள். பார்வையாளர் தட்டச்சு செய்யும் முகவரியையே ‘ஃப்ரம்’ வரியில் வைத்து உங்களுக்கு அனுப்பும்படி பல படிவங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படிச் செய்யும்போது ஆள்மாறாட்டம் செய்வது உங்கள் சர்வர். யாகூ 2014 ஏப்ரலிலேயே தன் டொமைனுக்கு ரிஜெக்ட் போட்டுவிட்டது. ஆக, யாகூ முகவரியுள்ள ஒருவர் படிவத்தை நிரப்பினால் அது உங்கள் பெட்டிக்கு வராமலே போகலாம். ‘ஃப்ரம்’ வரியில் உங்கள் சொந்த முகவரியும் ‘ரிப்ளை டு’ வரியில் பார்வையாளர் முகவரியும் இருந்தால் சிக்கல் தீர்ந்தது.

இனி எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான். புதுச் சேவை வாங்கும்போது அவர்கள் தந்த வரியைத் தனிப் பதிவாகச் சேர்த்துவிடுவது அன்றாடம் நடக்கும் தவறு. இரண்டு இருந்தால் கூட்டிப் படிக்க மாட்டார்கள். ‘பெர்ம்எரர்’ (நிரந்தரப் பிழை) என்று இரண்டையுமே ஒதுக்கிவிடுவார்கள். அடுத்தது 10 என்ற எல்லை. பதிவில் வரும் இன்க்ளூட் (இன்னொரு டொமைனின் பட்டியலையும் சேர்ப்பது), ஏ, எம்எக்ஸ், பிடிஆர், எக்ஸிஸ்ட்ஸ், ரீடைரக்ட் ஒவ்வொன்றும் ஒரு டிஎன்எஸ் தேடல். ஒரு இன்க்ளூட்டுக்குள் இருக்கும் இன்க்ளூட்களும் உங்கள் கணக்கில்தான் சேரும். பதிவில் நாலே வரி இருக்கும், உள்ளே விரித்தால் 13 வரும். 10ஐத் தாண்டினாலும் பெர்ம்எரர், எஸ்பிஎஃப் தேறாது. சில சர்வர்களில் பாஸ், சிலவற்றில் ஃபெயில் என்று மாறி மாறி வந்தால் முதலில் இந்த எண்ணிக்கையைப் பாருங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பொருந்திவிட்ட ஐபிக்குத் தேடல் அங்கேயே நின்றுவிடும், கடைசியில் இருக்கும் சேவைதான் அடி வாங்கும். பதில் எதுவுமே வராத வெற்றுத் தேடலுக்குத் தனி எல்லை உண்டு, அது 2.

எண்ணிக்கையைக் குறைக்கப் பலர் எல்லா இன்க்ளூட்டையும் விரித்து ஐபி எண்களாக எழுதிவிடுகிறார்கள். ஐபி4, ஐபி6 வரிகளுக்குத் தேடல் கணக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சேவை தன் ஐபிகளை மாற்றினால் உங்களுக்குச் சொல்லிவிட்டு மாற்றாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். அதைவிட நல்ல வழி, மொத்த அஞ்சலைச் செய்தி.உதாரணம்.காம் போன்ற துணை டொமைனுக்கு நகர்த்துவது. அதற்குத் தனி எஸ்பிஎஃப், தனி 10. தாய் டொமைனின் எஸ்பிஎஃப் துணை டொமைனுக்குத் தானாக இறங்காது என்பதால் தனியாகவே எழுத வேண்டும்.

விட்டுப்போன சேவைகளின் இன்க்ளூட்டை உடனே எடுத்துவிடுங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது மட்டுமில்லை அதன் கேடு. அந்தச் சேவை மூடப்பட்டு அதன் டொமைன் காலாவதியானால், அதை வாங்குபவர் தன் ஐபிகளை அங்கே எழுதிக்கொள்ளலாம். அன்றிலிருந்து உங்கள் பெயரில் அனுப்ப அவருக்கு நீங்களே உரிமை கொடுத்ததாகிவிடும், டிமார்க்கும் அதைத் தேறியதாகவே ஏற்கும். 2024இல் வெளியே வந்த ஒரு பெரிய ஸ்பேம் நடவடிக்கையில், கேட்பாரற்றுக் கிடந்த இன்க்ளூட்களையும் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும்) பதிவுகளையும் பிடித்து ஆயிரக்கணக்கான டொமைன்களை இப்படித்தான் பயன்படுத்தினார்கள்.

எஸ்பிஎஃப் பதிவின் முடிவில் ‘-ஆல்’ (பட்டியலில் இல்லாததைத் தள்ளு) போடுவதா, ‘~ஆல்’ (சந்தேகத்தோடு பார்) போடுவதா என்பது ஓயாத விவாதம். எங்கள் கருத்து: அஞ்சல் அனுப்பும் டொமைனுக்கு, டிமார்க் ரிஜெக்ட்டும் இருக்கும்போது, ‘~ஆல்’ போதும். மைனஸ் ஆல் பார்த்தவுடனே சில சர்வர்கள் உறையோடு கதவைச் சாத்திவிடும். உள்ளே இருக்கும் டிகிம் கையெழுத்தைப் பார்க்கவே மாட்டார்கள், ஃபார்வர்டு ஆன நல்ல அஞ்சலும் அதில் போய்விடும். அஞ்சலே அனுப்பாத டொமைனுக்கு மைனஸ் ஆல்தான் சரி. ‘+ஆல்’ எங்கேயும் எப்போதும் வேண்டாம். உலகத்தில் உள்ள எல்லா சர்வருக்கும் அனுமதி என்பது அதன் பொருள்.

நாங்கள் அதிகம் நம்புவது டிகிம்மை. ஃபார்வர்டைத் தாங்குவது அதுதான். போதாததற்கு, ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்களோடு ஒரே ஐபியில் இருக்கும் வேறொருவர் உங்கள் எஸ்பிஎஃப்பைத் தேறிவிட முடியும். உங்கள் பிரைவேட் கீ (ரகசியச் சாவி) இல்லாமல் டிகிம் கையெழுத்துப் போட முடியாது. ஒவ்வொரு சேவைக்கும் தனிச் செலக்டர் (சாவியைத் தேடும் பெயர்), தனிச் சாவி கொடுங்கள். ஒன்றின் சாவி வெளியே போனால் அதை மட்டும் ரத்து செய்தால் போதும். ஆர்எஸ்ஏ சாவி 2048 பிட் இருக்கட்டும். 1024க்குக் கீழே உள்ளதைக் கையெழுத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் விதி.

2048 பிட் சாவியோடு ஒரு தொல்லையும் வரும். பொதுச் சாவியை வெளியிடும் டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரம் (எழுத்துத் தொடர்) 255 எழுத்துக்கு மேல் போகாது, இந்தச் சாவியோ அதைவிட நீளம். அதை இரண்டு சரமாக, இரண்டு ஜோடி மேற்கோளுக்குள் பிரித்து எழுத வேண்டும், நடுவில் வரும் இடைவெளி சாவிக்குள் நுழையக் கூடாது. சில டிஎன்எஸ் பேனல்கள் தானாகவே பிரித்துவிடும். சிலவோ சொல்லாமல் கொள்ளாமல் 255இல் வெட்டிவிடும். சேமித்த பிறகு, டிஎன்எஸ்ஸைக் கேட்க உதவும் ‘டிக்’ என்ற கட்டளையில் கேட்டு, கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்க் கட்டத்திலும் ஒரு கண் வையுங்கள். பல பேனல்கள் டொமைன் பெயரைத் தாமே பின்னால் ஒட்டும். நீங்களும் முழுப் பெயரை எழுதினால் அண்டர்ஸ்கோர் டிமார்க்.உதாரணம்.காம்.உதாரணம்.காம் என்று ஒரு பதிவு உருவாகும். பேனலில் சரி என்று பச்சைக் குறி தெரியும், வெளியே யாருக்கும் பதிவு தெரியாது. வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியும் இதே வகை. சேவை சிநேம் வழியாக டிகிம் தருமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவியை அவர்களே மாற்றிக்கொள்வார்கள், இந்த வெட்டல் ஒட்டல் எதுவும் உங்களுக்கு இல்லை.

கையெழுத்துப் போட்ட பிறகு அஞ்சலைத் தொட்டால் டிகிம் உடையும். ‘இந்த அஞ்சல் வைரஸ் சோதனை செய்யப்பட்டது’ என்று அடியில் ஒட்டும் கேட்வே, சட்டக் குறிப்பு சேர்க்கும் விதி, இணைப்புகளை மாற்றி எழுதும் பாதுகாப்புக் கருவி எல்லாம் இதைச் செய்யும். வெளியே போகும் பாதையில் கையெழுத்துதான் கடைசி வேலையாக இருக்க வேண்டும். கானனிகலைசேஷனை (கையெழுத்துக்காக அஞ்சலைச் சீராக்கும் முறை) ரிலாக்ஸ்டு, ரிலாக்ஸ்டு என்று வைத்தால் இடைவெளி மாற்றம் போன்ற சில்லறைச் சேதத்தைத் தாங்கும். அஞ்சலின் ஒரு பகுதிக்கு மட்டும் கையெழுத்துப் போடும் ‘எல்’ குறியைப் பயன்படுத்த வேண்டாம். கையெழுத்துக்குக் கீழே யாரும் எதையும் ஒட்டி அனுப்ப அது வழிவிடும். சாவி மாற்றும்போது புதுச் செலக்டரை முதலில் வெளியிட்டு, எல்லா இடத்திலும் தெரிகிறதா என்று பார்த்து, பிறகு அதில் கையெழுத்திடத் தொடங்குங்கள். பழைய பொதுச் சாவி ஒரு வாரமாவது இருக்கட்டும். பெறும் சர்வர் படுத்துவிட்டால் அனுப்பும் சர்வர் நாலைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். அந்த வரிசையில் நிற்கும் அஞ்சல்கள் பழைய சாவியில் கையெழுத்தானவை.

எல்லா நல்ல அனுப்புநரும் அறிக்கையின் மேல் பகுதியில் பாஸ் ஆனதும் ‘பி=குவாரன்டைன்; பிசிடி=10’ போடுங்கள். பிசிடியை மதிக்கும் சர்வர்களில், தோற்றவற்றில் பத்தில் ஒன்று ஸ்பேமுக்குப் போகும். ஒரு வாரம் கழித்து 50, பிறகு 100. இடைப்பட்ட எண்களை எல்லாச் சேவையும் ஒரே மாதிரி மதிப்பதில்லை என்பதால் அங்கே நீண்ட நாள் தங்க வேண்டாம். குவாரன்டைன் 100இல் இரண்டு வாரம், புகார் இல்லையென்றால் ரிஜெக்ட். மாற்றும் முன் பதிவின் டிடிஎல்லை (பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்கு இறக்கி வையுங்கள், தவறு நேர்ந்தால் சீக்கிரம் திரும்பலாம். ‘ரிஜெக்ட்’டில் ஒரு எழுத்துப் பிழை விழுந்து, ருவா முகவரி மட்டும் சரியாக இருந்தால், பெறும் சர்வர் அதை ‘பி=நன்’ என்றே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எங்கும் வராது. டிமார்க் பதிவு இரண்டு இருந்தால் டிமார்க்கே இல்லை என்று கணக்கு.

துணை டொமைன்களுக்கு ‘எஸ்பி’ குறி உண்டு. தாய் டொமைனுக்கு ரிஜெக்ட் போட்டு ‘எஸ்பி=நன்’ என்று விட்டிருக்கும் பதிவுகள் நிறைய. கணக்கு.உதாரணம்.காம், உதவி.உதாரணம்.காம் என்று இல்லாத பெயரை யாரும் கற்பனை செய்து அனுப்பலாம் என்று அதற்குப் பொருள். ‘எஸ்பி’யை எழுதாமல் விட்டால் ‘பி’யின் மதிப்பே எடுத்துக்கொள்ளப்படும், அதுவே நல்லது.

ஒரு பாதிப்பை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் ஊழியர்கள் குழு மடல்களில் எழுதுபவர்கள் என்றால், அந்தக் குழு மென்பொருள் தலைப்பில் குறி சேர்க்கும், அடிக்குறிப்பு சேர்க்கும், டிகிம் உடையும், ரிஜெக்ட் அந்த அஞ்சலைத் தடுக்கும். 2014இல் யாகூ ரிஜெக்ட் போட்டபோது உலகெங்கும் குழு மடல்கள் திணறியது இதனால்தான். இப்போது பெரும்பாலான குழு மென்பொருள்கள் ‘ஃப்ரம்’ வரியைத் தங்கள் முகவரிக்கு மாற்றி எழுதுகின்றன. பழைய பதிப்பை ஓட்டும் குழு எதுவென்று ருவா அறிக்கையிலேயே தெரியும். அதன் நிர்வாகிக்கு ரிஜெக்ட்டுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

அஞ்சல் அனுப்பாத டொமைன்களை மறந்துவிட வேண்டாம். பெயரைப் பாதுகாக்க வாங்கிப் போட்டவை, பழைய திட்டத்தின் பெயரில் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிட வேலை: எஸ்பிஎஃப்பில் மைனஸ் ஆல் மட்டும், டிமார்க்கில் ரிஜெக்ட், எம்எக்ஸ்ஸில் (அஞ்சல் பெறும் சர்வர் எது என்ற பதிவு) 0 என்ற முன்னுரிமையோடு வெறும் புள்ளி. காத்திருக்கும் காலமோ பிசிடியோ இவற்றுக்குத் தேவையில்லை.

பெறும் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தலைவரின் அஞ்சல் ஒருமுறை ஸ்பேமுக்குப் போயிருக்கும், யாரோ அவசரத்தில் ஸ்பேம் வடிகட்டியின் அனுமதிப் பட்டியலில் உங்கள் சொந்த டொமைனையே சேர்த்திருப்பார்கள். அன்றிலிருந்து ‘ஃப்ரம்’ வரியில் உங்கள் டொமைனைப் போட்டு வெளியிலிருந்து வரும் எதுவும் சோதனையில்லாமல் உள்ளே வரும். நீங்கள் ரிஜெக்ட் போட்டிருந்தாலும் உங்கள் சர்வரே அதை மதிக்காது. இன்றே அந்தப் பட்டியலைத் திறந்து அந்த வரியை நீக்குங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஒரு எழுத்து மட்டும் மாறிய போலி டொமைனும், உங்கள் தலைவரின் பெயரை மட்டும் போட்டு வேறு முகவரியிலிருந்து வரும் அஞ்சலும், கடவுச்சொல் திருடுபோன உண்மைக் கணக்கும் மிச்சமிருக்கும். டிமார்க் அவற்றைத் தடுக்காது. உங்கள் சொந்தப் பெயரை அச்சு அசலாகப் போட்டு வருவதை அது தடுக்கும். அப்படி வரும் அஞ்சலில் முகவரியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பெறுபவரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இதை அவர் தலையில் கட்டாமல் நீங்களே செய்ய வேண்டும் என்கிறோம்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் தனியாக மூன்று கோரிக்கை. டிஎன்எஸ் லாகின் இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வேலையை விட்டுப்போனவர் பெயரிலோ, இணையதளம் செய்து கொடுத்தவர் கணக்கிலோ அது இருந்தால் மேலே சொன்ன எதுவும் நகராது. ருவா அறிக்கையை வாரம் ஒருமுறை பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், ரிஜெக்ட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலை தொடர வேண்டும். மூன்றாவது, உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பும் எந்தச் சேவைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை அஞ்சல் கேளுங்கள். வந்த அஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்தால் ‘ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ்’ என்ற ஹெடர் இருக்கும். அதில் ‘டிமார்க்=பாஸ்’ இருக்க வேண்டும், டிகிம் பாஸ் என்ற இடத்தில் உங்கள் டொமைன் பெயர் இருக்க வேண்டும். அவர்கள் டொமைன் பெயர் இருந்தால் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இப்படிக்கு,
அஞ்சல் சர்வர்களையும் டிஎன்எஸ் பதிவுகளையும் பராமரிப்பவர்கள்